பிடரியில் குடியிருக்கும் ‘இனியன்’: மொட்டையடித்த பின் வந்த ஒரு கடிதமும் அதற்கான பதிலும்

மியன்மாரில் பெகு நகருக்கு அருகில் செல்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் 31 வயது வாசகர் ஒருவர் ஆறு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளிவர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் சாரத்தை மட்டும் தருகிறேன். இந்தத் தைப்பூசத்தன்று ஏழு மாத மகனுக்கு முதல் முடி இறக்கியிருக்கிறார்கள். மகனோடு சேர்ந்து தானும் முடி கொடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்ததால் இவரும் பலகையில் உட்கார்ந்திருக்கிறார். கத்தி பின்மண்டையில் இறங்கி வரும்போது முடி இறக்குபவர் சட்டென்று கையை நிறுத்தி, இரண்டு விரலால் தடவிப் பார்த்து, “இதென்ன அண்ணே, இங்கே கொட்டைப்பாக்கு மாதிரி ஒண்ணு நிக்குது?” என்று கேட்டாராம். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு தூக்கம் போய்விட்டது என்கிறார் வாசகர். தொட்டால் கல் போல இருக்கிறது, அழுத்தினால் இலேசாக வலிக்கிறது, எத்தனை நாளாக இருக்கிறது என்று தெரியவில்லை.

நண்பர் ஒருவர், செல்பேசியைக் குனிந்து பார்ப்பவர்களுக்கு மண்டையில் கொம்பு முளைக்கிறது என்று சொல்லும் காணொளியைக் காட்டிப் பயமுறுத்தியிருக்கிறார். பன்னிரண்டு வயதில் மாமரத்திலிருந்து விழுந்தபோது உடைந்த எலும்பு கோணலாகக் கூடியிருக்கும் என்பது தாயாரின் எண்ணம். தலையில் இறங்கிய கெட்ட நீர் உறைந்துவிட்டது என்பது மாமியாரின் தீர்ப்பு. அவர் அழைத்து வந்த சுளுக்கு எடுப்பவர் கழுத்தைப் பிடித்து ‘சடக்’கென்று நெட்டி முறிக்க, அதன் பிறகு அரை மணி நேரம் தலை சுற்றியிருக்கிறது. இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. இன்னும் நாலு தடவை செய்தால் மேடு அமுங்கிவிடும் என்று அவர் சொல்லிப் போயிருக்கிறார். மாலை நேரங்களில் பிடரியில் தொடங்கி உச்சி வரை ஏறும் தலைவலியும் வாசகருக்கு ஒரு வருடமாக இருக்கிறது. அதற்காக ஏறக்குறைய தினமும் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்.

அதே மொட்டை இன்னொன்றையும் காட்டிக் கொடுத்திருக்கிறது. குழந்தையின் பின்மண்டை வலப்பக்கம் தட்டையாக இருக்கிறது. மூளை வளர இடம் இருக்காதோ என்று மனைவி அழுகிறார். பாட்டி கடுகு நிரப்பிய தலையணை தைத்து வைத்திருக்கிறார். குளிப்பாட்டும்போது தலையைப் பிடித்து உருட்டியும் விடுகிறார். குப்புறப் போட்டுத் தூங்க வைத்தால் தலை உருண்டையாகும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். தலை வடிவைச் சரிசெய்யக் குழந்தைக்குப் போடும் தலைக்கவசத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா என்று யோசிக்கிறார் வாசகர். தனக்கு இருப்பது புற்றுநோயா, ஸ்கேன் எடுக்க வேண்டுமா, அறுவை சிகிச்சை உண்டா என்ற மூன்று கேள்விகளோடு கடிதம் முடிகிறது. கடைசியில் சிறு பின்குறிப்பு ஒன்றும் இருக்கிறது.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் நோய் என்று நான் கருதுவது தலைவலி ஒன்றைத்தான். மேடு நோயாக எனக்குத் தோன்றவில்லை. நேரில் தொட்டுப் பார்க்காமல் எந்த மருத்துவரும் முடிந்த முடிவு சொல்லக் கூடாது என்பதால் ‘தோன்றவில்லை’ என்று எழுதுகிறேன். ஆனால் நடுக்கோட்டில் சரியாக அமர்ந்திருப்பது, கல் போல இருப்பது, அசையாமல் இருப்பது, மேலே உள்ள தோல் மட்டும் வழுக்கி நகர்வது என்று நீங்களே எழுதியிருக்கும் நான்கு அடையாளங்களையும் சேர்த்துப் பார்த்தால், பிறந்ததிலிருந்து உங்களோடு இருக்கும் எலும்பின் ஒரு பகுதியைத்தான் மயிர் மறைத்து வைத்திருந்தது என்று தெரிகிறது. முப்பது வருடம் தலை வாரியும் கண்ணில் படாதது ஒரே நாள் மொட்டையில் தெரிந்தால் அது நேற்று முளைத்தது போலத்தான் இருக்கும்.

விரலுக்குக் கீழே இருப்பது

கழுத்தின் பின்பக்கம் நடுப்பள்ளத்தில் விரலை வைத்து மெதுவாக மேலே ஏற்றுங்கள். மெத்தென்ற தசை முடிந்து, எலும்பு தொடங்கி, இன்னும் சற்று மேலே போனால் நடுவில் மேடு தட்டுப்படும். அங்கிருந்து இரண்டு காதுகளின் பின்புறத்தை நோக்கி வில் போல வளைந்த வரம்பு ஒன்று ஓடுவதையும், மொட்டைத் தலை என்பதால், எளிதாக உணரலாம். இவை யாவும் பிடரி எலும்பின் வெளிப்புறம். மேட்டின் உச்சிக்கு உடற்கூற்று நூல்களில் ‘இனியன்’ என்று பெயர். பின்கழுத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. நம் காதுக்கு வேறு பொருளில் கேட்பதை நான் மாணவனாக இருந்தபோதே இரசித்திருக்கிறேன். பேருக்கு ஏற்றபடி யாருக்கும் தொல்லை தராதவன்.

எல்லோருக்கும் இந்த மேடு உண்டு, அளவில்தான் வேறுபாடு. சிலருக்குத் தடவினாலும் தெரியாது. சிலருக்குச் சிறு முள் போல நீட்டிக்கொண்டிருக்கும். ஆண்களுக்குப் பெரும்பாலும் பெரிதாக இருக்கும். புதைகுழியில் கிடைத்த மண்டையோடு ஆணுடையதா பெண்ணுடையதா என்று கணிப்பவர்கள் பார்க்கும் அடையாளங்களில் இதுவும் ஒன்று. மேடு ஏன் இருக்கிறது என்றால், பிடரி நார் என்னும் கெட்டியான நார்ப்பட்டை இங்கே பற்றிக்கொண்டு, குனியும்போது கழுத்தடியில் புடைத்துத் தெரியும் ஏழாவது கழுத்தெலும்பு வரை இறங்குகிறது. தோளையும் கழுத்தையும் போர்த்தியிருக்கும் டிரபீசியஸ் என்ற பெரிய தசையின் மேல்முனையும் இதில்தான் கட்டப்பட்டிருக்கிறது. நாள் முழுவதும் குனிந்து மேயும் மாட்டுக்கும் குதிரைக்கும் தலையைத் தூக்கிப் பிடிக்க இந்த நார் தடித்து, இரப்பர் போல மீளும் தன்மையோடு இருக்கும். நிமிர்ந்து நடக்கும் நமக்கு அத்தனை வேலை இல்லாததால் அது மெலிந்துவிட்டது. நாரும் தசையும் எலும்பை இழுக்கும் இடத்தில் எலும்பு மேடாவது இயல்பு. காதுக்குப் பின்னால் தட்டுப்படும் குமிழும் அப்படித்தான்.

எலும்பு முழுவதையும் கையில் எடுத்துப் பார்த்தால், உள்பக்கம் குழிந்த அரசிலை போல ஏறக்குறைய இருக்கும். இலையின் நுனி மேலே, மண்டையின் இரண்டு பக்கச் சுவர் எலும்புகளுக்கு நடுவே செருகி நிற்கிறது. அந்த மூட்டுவாய், கிரேக்க எழுத்தான லாம்டாவைப் போல் கவிழ்ந்து கிடப்பதால் லாம்டா தையல் எனப்படுகிறது. கீழ்ப்பகுதியில் முன்பின்னாக ஏறக்குறைய 35 மில்லிமீட்டரும், குறுக்காக 30 மில்லிமீட்டரும் உள்ள பெருந்துளை இருக்கிறது. மூளைத்தண்டின் கடைசிப் பகுதியான முகுளம் இந்த வாசலில்தான் தண்டுவடமாக மாறிக் கீழே இறங்குகிறது. கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாக ஏறி வரும் முதுகெலும்புத் தமனிகள் இரண்டும் இதே வாசலில்தான் மூளைக்குள் நுழைகின்றன. இந்தத் தமனிகளை நினைவில் வையுங்கள். நெட்டி முறிப்பதைப் பற்றிப் பேசும்போது இவை திரும்ப வரும்.

பெருந்துளையின் இரண்டு பக்கமும் சிறு குமிழ்கள் உண்டு. அவை முதல் கழுத்தெலும்பின் குழிந்த தட்டுகளில் உட்காருகின்றன. நம் தெருக்களில் பழத்தட்டையும் பூத்தட்டையும் கைவிட்டுத் தலையில் சுமந்து போகும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். தட்டுக்கும் தலைக்கும் நடுவே சும்மாடு எப்படியோ, தலைக்கும் உடம்புக்கும் நடுவே முதல் கழுத்தெலும்பு அப்படி. ‘ஆமாம்’ என்று தலையாட்டும்போது இந்தக் குமிழ்கள் சும்மாட்டின் மேல் முன்னும் பின்னும் உருளுகின்றன. ‘இல்லை’ என்று ஆட்டும்போது சும்மாடே தலையோடு சேர்ந்து இரண்டாவது எலும்பின் மேல் திரும்புகிறது. குமிழ்களுக்கு மேலே, இரு பக்கமும், நாக்கை அசைக்கும் நரம்பு வெளியேறச் சிறு கால்வாய் இருக்கிறது. விழுங்கவும் பேசவும் உதவும் வேறு நரம்புகள் இந்த எலும்பின் ஓரத்தை ஒட்டிய இன்னொரு துளையின் வழியே வருகின்றன.

உட்புறத்தை நான்கு குழிகளாகப் பகுத்திருக்கிறது இயற்கை. மேலிரண்டில் பார்வைக்குரிய பெருமூளைப் பகுதியும், கீழிரண்டில் சிறுமூளையும் அமர்ந்திருக்கின்றன. நான்கும் சந்திக்கும் நடுப்புள்ளி வெளிமேட்டுக்கு ஏறக்குறைய நேர் உள்ளே இருக்கிறது. மூளையிலிருந்து திரும்பும் இரத்தத்தின் பெருங்கால்வாய்கள் கூடும் இடமும் அதுவே. உலர்ந்த மண்டையோடு ஒன்றைச் சன்னலுக்கு எதிரே பிடித்துப் பார்த்த நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. சிறுமூளைக் குழிகளின் தரையில் விளக்குத் தாளில் தெரிவது போல மங்கலாக வெளிச்சம் ஊடுருவியது. நடுமேட்டில் ஒரு துளி ஒளியும் வரவில்லை. நீங்கள் பயந்து தொட்டுப் பார்க்கும் இடம் அந்த எலும்பிலேயே மிகத் தடித்த இடம்.

கொம்பும் மாமரமும்

அந்தக் காணொளிக்கு ஒரு மூலம் உண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இருவர் 2018இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 18 முதல் 86 வயது வரையான 1,200 பேரின் எக்ஸ்ரேக்களைப் பார்த்து, 10 மில்லிமீட்டருக்கு மேல் நீண்ட மேடு ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருப்பதாகவும், இளைஞர்களுக்கு அது அதிகம் என்றும் எழுதினார்கள். தலையை முன்னால் தள்ளி வைத்திருக்கும் பழக்கம் காரணமாகலாம் என்பது அவர்களுடைய ஊகம். 2019இல் செய்தித்தாள்கள் அதைக் ‘கொம்பு’ ஆக்கின. யார் எத்தனை மணி நேரம் செல்பேசி பார்த்தார்கள் என்பதை அந்த ஆய்வு அளக்கவே இல்லை. எக்ஸ்ரேக்களும் சிகிச்சை நிலையத்துக்கு வந்தவர்களுடையவை, பொதுமக்களிடமிருந்து தேர்ந்தெடுத்தவை அல்ல. கட்டுரைக்குப் பிறகு திருத்தமும் வெளியாயிற்று. திருத்தத்தைக் காணொளியாக்க யாருக்கும் தோன்றவில்லை. செல்பேசி பழுதுபார்க்கும் உங்களுக்கு அந்தத் தொழிலே கொம்பு முளைக்கவைத்தது என்று நம்ப ஆதாரம் இல்லை.

மாமரக் கதைக்கு வருகிறேன். கை கால் எலும்பு உடைந்தால் கூடும் இடம் புடைக்கும்; மண்டையோட்டு எலும்பு பெரும்பாலும் அப்படிப் புடைத்துக் கூடுவதில்லை. நடுக்கோட்டில், நார் பற்றும் இடத்தில் அளவாக முறிவு விழுந்திருக்கும் என்று நினைப்பதும் பொருந்தவில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: பிடரி எலும்பின் மேல்பகுதி சிலருக்குப் பிறவியிலேயே தனி எலும்பாக நின்றுவிடும். பெரு நாட்டுப் பழைய மண்டையோடுகளில் கண்டதால் இன்கா எலும்பு என்று பெயர். லாம்டா தையலில் சிறு துண்டெலும்புகளும் இருக்கலாம். என்றாவது எக்ஸ்ரே எடுத்து அதில் கூடுதல் கோடு தெரிந்தால், மரத்திலிருந்து விழுந்ததை உடனே நினைத்துக்கொள்ளாதீர்கள்.

கெட்ட நீர் உறைவதாக உங்கள் மாமியார் சொல்வதற்கு இடம் கொடுக்கும் வெற்றிடம் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே இல்லை. பெரியவரிடம் வாதாட வேண்டாம். அவருடைய பின்மண்டையையே தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், அங்கேயும் ஒரு சிறு இனியன் இருப்பான்.

ஸ்கேன், அறுவை, எதுவும் செய்யாமல் இருப்பது

பின்மண்டையில் தட்டுப்படுவதெல்லாம் எலும்பு ஆகாது. நடுவிலிருந்து விலகி, பட்டாணி போல உருண்டு நகர்ந்தால் அது நெரிகட்டி. தலையில் புண், பேன், சில காய்ச்சல்களின்போது வீங்கும். மெத்தென்று அமுங்கினால் கொழுப்புக்கட்டி. தோலோடு ஒட்டி, நடுவில் கரும்புள்ளி தெரிந்தால் தோலின் எண்ணெய்ச் சுரப்பை ஒட்டிய கட்டி. எலும்பிலேயே தனியாக வளரும் தீங்கற்ற கட்டியும் உண்டு. அது மிக மெதுவாக வளரும். உங்கள் அடையாளங்கள் இவற்றில் எதனோடும் சேரவில்லை.

ஆகவே முதலில் வேண்டியது ஒரு மருத்துவரின் இரண்டு விரல்கள். அவர் தொட்டுப் பார்த்துச் சந்தேகப்பட்டால் பக்கவாட்டில் எடுக்கும் சாதாரண எக்ஸ்ரே ஒன்று போதும். மண்டைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தால் மனம் நிம்மதியாகும் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நிம்மதிக்காக வாங்கும் கதிர்வீச்சும் செலவும் எனக்கு உடன்பாடில்லை. யாராவது எழுதிக் கொடுத்தால், எதைத் தேடுகிறீர்கள், இது தெரிந்தால் என் சிகிச்சை எப்படி மாறும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நல்ல மருத்துவர் அதற்குக் கோபிக்க மாட்டார்.

அறுவை சிகிச்சை இருக்கிறதா என்றால் இருக்கிறது. மல்லாந்து படுக்கவே முடியாத அளவுக்கு முள் நீண்டு வலிக்கும் சிலருக்கு அதைச் செதுக்கிச் சமன் செய்கிறார்கள். அழுத்தினால் இலேசாக வலிப்பதற்கு அது தேவையில்லை. மூன்று வாரமாக ஒரு நாளில் இருபது தடவை அழுத்திப் பார்த்தால் எந்த எலும்பும் வலிக்கத்தான் செய்யும். அடுத்த ஒரு மாதம் தொடாமல் இருந்து பாருங்கள். மேடு மாதத்துக்கு மாதம் பெரிதாவது, இரவில் தூக்கத்தை எழுப்பும் வலி, மேலே உள்ள தோல் சிவப்பது, காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவற்றில் ஒன்று இருந்தால் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.

கழுத்தை நெட்டி முறிப்பது

இதில் நான் கண்டிப்பாகவே பேசப் போகிறேன். மேடு எலும்பு, எத்தனை தடவை கழுத்தை முறித்தாலும் அது அமுங்காது. ஆனால் திடீரென்று திருப்பும் வேகத்தில், முன்னே சொன்ன தமனியின் உட்சுவர் கிழியலாம். அரிதாக நடப்பதுதான், நடந்தால் இரத்தம் உறைந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரும், அதுவும் உங்கள் வயதுக்காரர்களுக்கு. முதல் தடவையே அரை மணி நேரம் தலை சுற்றியதை உடம்பு கொடுத்த தாக்கீது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் கடந்து நன்றாக இருப்பதால் நான் பதறவில்லை. என்றாலும் ஒரு பக்கக் கழுத்து வலி, நடையில் தள்ளாட்டம், இரட்டையாகத் தெரிதல், விழுங்கச் சிரமம், முகத்திலோ கையிலோ மரமரப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போய், கழுத்து முறிக்கப்பட்டதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அந்த நாலு தடவையை மாமியாரிடம் மறுக்கச் சங்கடமாக இருந்தால், டாக்டர் எழுத்திலேயே தடுத்திருக்கிறார் என்று இந்தப் பதிலைக் காட்டுங்கள். முடிவெட்டிய பிறகு சலூனில் அன்பாக முறித்துவிடுவதும் இதில் சேரும்.

உண்மையான நோயாளி உங்கள் கழுத்து

நம் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. நிமிர்ந்திருக்கும்போது அது சும்மாட்டின் மேல் சமமாக அமர்கிறது. பத்து மணி நேரம் பூதக்கண்ணாடிக்குக் கீழே குனிந்து திருகாணி கழற்றும்போது, அந்த எடையை முன்னால் விழாமல் இழுத்துப் பிடிப்பது பிடரித் தசைகளின் வேலையாகிவிடுகிறது. மாலையில் அவை கல்லாக இறுகும். உச்சந்தலைவரை உணர்வு கொடுக்கும் நரம்பு, இரண்டாம் கழுத்தெலும்பின் மட்டத்தில் புறப்பட்டு, அதே தசைகளைத் துளைத்துக்கொண்டு மேட்டின் இரு பக்கமும் ஏறுகிறது. பிடரியில் தொடங்கி உச்சிக்கு ஏறும் உங்கள் வலியின் பாதையும் அதுவே. மேடும் வலியும் ஒரே வட்டாரத்தில் இருப்பதால் ஒன்றை இன்னொன்றின் காரணமாக நினைத்துவிட்டீர்கள்.

வேலை மேசையை உயர்த்துங்கள். பலகையும் நான்கு செங்கலும் போதும். கைபேசி உங்கள் மார்பு உயரத்துக்கு வந்தால் கழுத்து தானாக நிமிரும். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து, சுவரில் முதுகைச் சாய்த்து, முகத்தைத் தூக்காமல் தாடையை மட்டும் பின்னால் இழுத்து, பின்மண்டை சுவரைத் தொடும்படி ஐந்து எண்ணும்வரை நில்லுங்கள். இப்படிப் பத்து தடவை. இரவில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். கண் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள், பவர் மாறியிருந்தால் இன்னும் குனிவீர்கள்.

பின்மண்டை வலித்தால் பிரஷர் என்று நம்மவர்கள் முடிவு கட்டிவிடுவது வழக்கம். மிக அதிகமாக ஏறினாலொழிய இரத்த அழுத்தம் பெரும்பாலும் தலைவலியைத் தருவதில்லை, வலிக்காமலே உயர்ந்திருக்கும். ஆகையால் வலிக்காகப் பாராமல், 30 வயதைக் கடந்தவர் என்பதற்காக ஒருமுறை பாருங்கள்.

மாத்திரை விஷயம் இதைவிட முக்கியம். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து விழுங்கினால் அந்த மாத்திரையே தலைவலியை நிலைக்க வைக்கும். பல மருந்துகள் சேர்ந்த மாத்திரை என்றால் 10 நாளே போதும். நீங்கள் ஒரு வருடமாகப் போடுகிறீர்கள். கடைக்காரர் அட்டையிலிருந்து வெட்டிக் கொடுக்கும் மாத்திரைகளின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். நிறுத்தும் முதல் ஒன்றிரண்டு வாரம் வலி கூடும்; மேடு பெரிதாகிவிட்டது என்று அப்போது மிரள வேண்டாம். இடி இடித்தது போல நொடியில் வரும் கடும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, கை கால் தளர்வது, பார்வை மங்குவது ஆகியவை வேறு கதை. அவற்றுக்கு உடனே மருத்துவமனை.

மகனின் தலை

உங்கள் எலும்பு ஒன்று. குழந்தைக்குப் பிறக்கும்போது அதுவே நான்கு துண்டு. பெருந்துளையைச் சுற்றி, பின்னால் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, முன்னால் ஒன்று என்று குருத்தெலும்பால் இணைந்திருக்கும். அவை முழுவதும் ஒன்றாகச் சேர ஆறு வயது போல ஆகும். ஏழு மாதத்தில் இன்னும் துண்டுகளாகத்தான் இருக்கின்றன, நடுவே மூளைத்தண்டு இறங்குகிறது. பிடரியைப் பிடித்து உருட்டிவிடும் பாட்டியின் கை இதை அறியாது. எண்ணெய் தடவட்டும், கொஞ்சட்டும், அழுத்த வேண்டாம்.

தட்டையானதற்குக் காரணம் பெரும்பாலும் படுக்கும் முறை. குழந்தை எப்போதும் வலப்பக்கமே முகம் திருப்பிப் படுக்கிறான் என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலேயே எனக்கு மிகப் பயன்பட்ட வரி அது. மென்மையான எலும்பு, நாளுக்குப் பல மணி நேரம், ஒரே இடத்தில் எடை. குளிப்பாட்டியபின் மடியில் உட்காரவைத்து உச்சிக்கு மேலிருந்து பாருங்கள். தட்டையான பக்கத்துக் காதும் நெற்றியும் சற்று முன்னால் தள்ளியிருந்தால் படுத்ததால் வந்தது. காது பின்னாலும் கீழேயும் இழுக்கப்பட்டு, காதுக்குப் பின்னே புடைப்பும், லாம்டா தையல் நெடுக மேடான வரம்பும் தெரிந்தால், தையல் முன்னதாகவே மூடிக்கொண்டிருக்கலாம். மிகவும் அரிது, ஆனால் அதற்கு அறுவை நிபுணர் பார்க்க வேண்டும். பின்மண்டை நடுவில் மெத்தென்ற புடைப்போ, மயிர்க்கற்றை முளைத்த சிறு குழியோ இருந்தாலும் அழுத்திப் பார்க்காமல் காட்ட வேண்டும்.

மூளை வளர இடம் இருக்காது என்ற பயத்தை உங்கள் மனைவியிடமிருந்து எடுத்துவிடுங்கள். படுத்ததால் தட்டையான தலையில் தையல்கள் திறந்தே இருக்கின்றன; ஒரு பக்கம் தட்டையானால் மறுபக்கம் அகலுகிறது, கொள்ளளவு குறைவதில்லை. தலையின் சுற்றளவு பிறக்கும்போது ஏறக்குறைய 35 சென்டிமீட்டர், ஒரு வயதில் 46 போல. மாதம் ஒருமுறை புருவத்துக்கு மேலேயும் பிடரி மேட்டின் மேலேயும் படும்படி தையல் நாடாவால் அளந்து தடுப்பூசி அட்டையில் எழுதி வாருங்கள். பெண்களின் சட்டைக்கு அளவெடுக்கும் அதே நாடா போதும்.

குப்புறத் தூங்க வைக்கும் யோசனையை ஏற்காதீர்கள். 1990களில் மல்லாந்து தூங்க வைக்கும் வழக்கம் பல நாடுகளில் பரவியபோது, தூக்கத்திலேயே குழந்தை இறந்துபோவது வெகுவாகக் குறைந்தது. தட்டைத் தலை கூடியதும் அதன் பிறகுதான். அந்தப் பேரத்தில் தட்டைத் தலையை வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். கடுகுத் தலையணையும் வேண்டாம். ஒரு வயதுக்குள் குழந்தை படுக்கையில் தலையணையே கூடாது. தையல் பிரிந்து கடுகு வாய்க்குள் போனால் வேறு ஆபத்து. விழித்திருக்கும்போது, யாராவது பக்கத்தில் இருந்து, குப்புறப் போட்டு விளையாட விடுங்கள். தூளியில் கிடக்கும் நேரத்தைக் குறையுங்கள். படுக்கையில் தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றினால், விளக்கையும் அம்மாவையும் பார்க்க இடப்பக்கம் திரும்பியாக வேண்டியிருக்கும்.

இவ்வளவு செய்தும் இடப்பக்கம் திரும்ப மறுத்தால், இடப்பக்கக் கழுத்துத் தசை இறுகியிருக்கக்கூடும். அந்தத் தசை இறுகினால் முகம் வலப்பக்கம்தான் திரும்பி நிற்கும். குழந்தை மருத்துவர் பார்த்து, நீட்டும் பயிற்சியைக் கற்றுக்கொடுப்பார். வீட்டில் நீங்களாக இழுக்க வேண்டாம். தவழ்வது, உட்காருவது தாமதமானால் அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

தலைக்கவசத்துக்குக் கடன் வாங்காதீர்கள். நெதர்லாந்தில் 5, 6 மாதக் குழந்தைகள் 84 பேரை இரு பிரிவாக்கி, பாதிக்குக் கவசமும் பாதிக்கு ஒன்றும் இல்லாமலும் விட்டுப் பார்த்தார்கள். 2014இல் வெளியான அந்த ஆய்வில், இரண்டு வயதில் இரு பிரிவின் தலை வடிவிலும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. கவசம் போட்டவர்களுக்குத் தோல் புண்ணும் வியர்வையும்தான் மிச்சம். மிகக் கடுமையாகச் சப்பையான தலைகள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதால், உங்கள் மருத்துவர் நேரில் பார்த்து வேறு மாதிரி சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி நம் பங்குனி, சித்திரை வெயிலில் நாளுக்கு 23 மணி நேரம் அதைப் போட்டு வைப்பதை நினைத்துப் பாருங்கள். உட்காரவும் தவழவும் தொடங்கிய குழந்தையின் பின்மண்டையில் எடை இறங்குவதே குறைந்துவிடும்.

கடைசியாக உங்கள் பின்குறிப்பு. அடுத்த ஆண்டும் முடி கொடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டிருக்கிறார், மேட்டின் மேல் கத்தி படலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் படலாம். மேட்டில் தோல் இழுபட்டு நிற்பதால் கீறல் விழ வாய்ப்பு அதிகம். முன்கூட்டியே சொல்லி, அந்த இடத்தில் மேலிருந்து கீழாக மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு முன்னால் உட்கார்ந்தவரின் இரத்தம் பட்ட பிளேடில் மஞ்சள்காமாலைக் கிருமி இருக்கலாம். உங்களுக்கு ஒன்றும் மகனுக்கு ஒன்றுமாகப் புது பிளேடு இரண்டைச் சட்டைப்பையில் கொண்டுபோய், உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள்.